இப்போதா வந்தீர்கள்?

ஐப்பசி 2, சனி

மாற்றல் உத்தரவு கைக்கு வந்தபோது அவிநாசியில் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்: “தஞ்சாவூரா? கொடுத்து வைத்தவள்!” இங்கே வந்து பெட்டியை இறக்கிய நாளிலிருந்து வேறு பாட்டு: “இப்போதா வந்தீர்கள்?” வீட்டுத் தரகர் கேட்டார். பக்கத்து மேசைக்காரர் கேட்டார். மார்கழியில் வந்திருக்க வேண்டுமாம். தையில் வந்திருந்தால் திருவையாற்று ஆராதனையைப் பார்த்திருக்கலாமாம். ஐப்பசியும் கார்த்திகையும் அடைமழை மாதங்கள், ஊர் சுற்ற லாயக்கில்லையாம். நானென்னவோ பஞ்சாங்கம் பார்த்து மாற்றல் வாங்கிக்கொண்டு வந்ததுபோல.

கீழ்வீட்டுப் பெரியம்மா மட்டும் அப்படிக் கேட்கவில்லை. வீட்டுச் சொந்தக்காரர், ஓய்வுபெற்ற தமிழாசிரியை. “குடை இருக்கிறதா ஆயி?” என்றார். இல்லை என்றேன். தன்னுடையதைக் கொடுத்தார். ஒரு கம்பி ஒடிந்த குடை.

பதினேழு நாட்களில் நான் கண்ட தஞ்சாவூர் அலுவலகமும் மளிகைக் கடையும் பால் வாங்கும் முனையும்தான். இனிமேல் விடுமுறை நாட்களில் வீட்டில் உட்காருவதில்லை, போன இடத்தை அன்றிரவே எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். ஆராதனைக்குப் போகமுடியாத ஊருக்கே முதலில் போய்விட்டேன், ஒரு வீம்புக்கு.

பழைய பேருந்து நிலையத்திலிருந்து திருவையாற்றுக்கு அரை மணி நேரப் பயணம். அதற்குள் ஐந்து ஆறுகளைத் தாண்ட வேண்டும்: வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியாகக் காவிரி. ஊர்ப்பெயரே அப்படி வந்தது என்பார்கள். விரலை மடக்கி எண்ணிக்கொண்டே போனேன். கரந்தையில் வடவாறு. அப்புறம் வெண்ணாறு. சில்லறைக்காகப் பையைத் துழாவி நிமிர்ந்தால் இன்னொரு பாலத்தின் மேல் இருக்கிறோம். “இது குடமுருட்டிதானே?” என்று பக்கத்திலிருந்த அம்மாவைக் கேட்டேன். “ஆமாம், வெட்டாறு போய்விட்டதே, பார்க்கவில்லையா?” என்றார். ஓர் ஆற்றைத் தவறவிட்டுவிட்டேன். நொய்யலைப் பார்த்து வளர்ந்தவளுக்கு ஓர் ஆற்றில் தண்ணீர் ஓடுவதே காட்சி. இங்கே பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் ஐந்தும் கரை தொட்டு ஓடுகின்றன, பஸ்ஸில் ஒருவர்கூடத் தலையைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

ஐயாறப்பர் கோயில் வெளிப் பிரகாரத்தில் ஓரிடத்தில் நின்று ‘ஐயாறா’ என்று கூப்பிட்டால் ஏழு முறை எதிரொலிக்கும் என்பது இங்குள்ள பெருமை. எனக்கு முன்னால் ஒரு சிறுவன் தொண்டை கிழியக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் எண்ணியவரை நான்குதான் வந்தது. அவன் ஏழு என்று சாதித்தான்.

தியாகராஜர் சமாதி காவிரிக் கரையில். 1847-இல் மறைந்தவர். தை மாதத்தில் ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து பஞ்சரத்ன கீர்த்தனை பாடும் இடத்தில் இன்று நானும், ஈர இலைகளைப் பெருக்கும் ஒருவரும், திண்ணையில் நனையாமல் படுத்திருந்த ஒரு நாயும்தான். சமாதியின் மீது கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். பெண்கள் அங்கே பாட அனுமதியில்லாதிருந்த காலத்தில் சண்டை போட்டு அந்த உரிமையைப் பெற்றவர். தன் சொத்தை இங்கே கொட்டிவிட்டு 1952-இல் மறைந்தார். அவருடைய நினைவிடமும் தியாகராஜரைப் பார்த்தபடி அங்கேயே இருக்கிறது. கூட்ட நாளில் வந்திருந்தால் அதன் எதிரே பத்து நிமிடம் நின்றிருக்க முடியுமா? யாராவது நகரச் சொல்லியிருப்பார்கள்.

திரும்பும் வழியில் அசோகா. பாசிப்பருப்பை வேகவைத்து மசித்து, சர்க்கரையும் நெய்யும் விட்டுக் கிளறுவது. செக்கச்செவேல் என்று வாழையிலைத் துண்டில் வைத்துத் தந்தார்கள். தின்று முடித்த பிறகு இலையில் நெய் மட்டும் தனியே ஒரு குட்டையாக நின்றது. இலையை மடித்துப் போட மனம் வரவில்லை. விரலால் வழித்தேன். பார்த்தவர்கள் பார்க்கட்டும்.

திரும்பும்போது வெட்டாற்றைத் தவறவிடவில்லை.


ஐப்பசி 3, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. ஊசித் தூறலாக ஆரம்பித்துப் பத்து மணிக்குச் சரம்சரமாக இறங்கியது. கூரைக்கடியில் பார்க்கக்கூடியது எது என்று யோசித்து அரண்மனைக்குப் போனேன். நாயக்கர்கள் கட்டத் தொடங்கி மராட்டியர்கள் சேர்த்துச் சேர்த்துக் கட்டிய கட்டடம். எந்த வாசல் எங்கே திறக்கும் என்று ஊகிக்க முடியாது.

சரசுவதி மகாலின் காட்சிக்கூடத்தை வேகமாகத்தான் பார்த்தேன். 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி கண் நோயாளிகளைப் படமாக வரையச் சொல்லிக் குறிப்பெழுதி வைத்த மனிதர். அவருக்கென்று ஒரு தனி ஞாயிறு ஒதுக்க வேண்டும்.

இன்றைய பொழுதைப் பிடித்துக்கொண்டது கலைக்கூடத்துச் செப்புத் திருமேனி ஒன்று. ரிஷபவாகன தேவர். திருவெண்காட்டு மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தவர், 1011-ஆம் ஆண்டு வார்ப்பு. அதாவது பெரிய கோயில் விமானத்தில் கலசம் ஏறிய மறு ஆண்டு. சிவன் ஒரு காலைக் குறுக்கே போட்டு ஒயிலாக நிற்கிறார். தலைமுடியைத் தலைப்பாகைபோல் சுற்றி முடிந்திருக்கிறார், அதில் பாம்பு நெளிகிறது. வலக்கை முழங்கையை மடித்து எதன்மீதோ சாய்த்திருக்கிறார். அந்த ‘எது’ இல்லை. காளை தொலைந்துவிட்டது. கையும் இடுப்பும் சாய்ந்த தோளும் காளை நின்ற உயரத்தைச் சரியாகச் சொல்கின்றன. காற்றில் அதன் முதுகு எங்கே இருக்கும் என்று என்னால் காட்ட முடியும். நான் நின்றிருந்த நேரத்தில் வந்த ஒரு சிறுமி அதே கேள்வியை அப்பாவிடம் கேட்டாள்: “கையை எதன்மேல் வைத்திருக்கிறார்?” அப்பா பலகையைப் படித்துவிட்டு, “மாடு மேல்” என்றார். அவள் சுற்றி வந்து பின்னாலும் பார்த்தாள். மாடு அங்கேயும் இல்லை.

பக்கத்திலேயே தேவி நிற்கிறாள். அவளைப் பார்த்ததாக எழுத ஆசைதான். உண்மையில் நான் அந்தக் காளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தால் முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். குடையின் இரண்டாவது கம்பியும் இன்று போய்விட்டது.


ஐப்பசி 10, ஞாயிறு

நேற்று அலுவலகத்தில் வேலை இருந்தது. தீபாவளிக்கு முன் முடிக்க வேண்டிய கணக்கு. அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை.

இன்று தாராசுரம். வாங்கி ஒரு வாரமேயான பழைய ஸ்கூட்டரில் கும்பகோணம் சாலையில் கிளம்பினேன். அய்யம்பேட்டை தாண்டியதும் சாலையின் ஒரு பாதி காணாமல் போயிற்று. குறுவை நெல்லைக் காயப்போட்டிருக்கிறார்கள். ஒருபக்கம் அறுவடை, மறுபக்கம் வயலில் சம்பாப் பயிர் முழங்கால் உயரத்தில் பச்சைப் பசேலென்று நிற்கிறது. எங்கள் பக்கத்தில் எந்தத் திசையில் பார்த்தாலும் கண் போய் ஒரு மலையில் முட்டி நிற்கும். இங்கே முட்டுவதற்கு ஒன்றுமில்லை. பச்சை போய்க்கொண்டே இருக்கிறது, கடைசியில் ஒரு கோபுரம் எட்டிப் பார்க்கிறது. முதல் வாரத்தில் அது ஏதோ கதவு போடாத வீட்டில் தூங்குவதுபோலிருந்தது. இப்போது பழகி வருகிறது.

ஓரமாக நிறுத்தினேன். ஒரு பெரியவர் நெல்லுக்குள் காலை இழுத்து இழுத்து நடந்து கொண்டிருந்தார். நடந்த தடத்தில் கோடு கோடாக அடி நெல் மேலே வந்தது. கொள்முதலுக்குப் போக வேண்டுமானால் ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்றார். நேற்று முன்தினம் காய்ந்தது, நேற்று மாலை மழையில் மீண்டும் நனைந்தது, இன்று மறுபடி விரித்திருக்கிறார். “கருவி வைத்துப் பார்ப்பார்கள். எனக்குக் கருவி இது” என்று ஒரு நெல்லை எடுத்துப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்தார். ‘டக்’ என்று உடைந்தால் சரி, நசுங்கினால் இன்னும் வெயில் வேண்டும். எனக்கும் ஒன்று கொடுத்தார். கடித்தேன். நசுங்கியது.

“ஆகலையா?” என்பதுபோல் என்னைப் பார்த்தார். “இல்லைங்க” என்றேன்.

“கோயம்புத்தூர்ப் பக்கமா?” என்றார் உடனே. அந்த ஒரு ‘ங்க’ போதும் இவர்களுக்கு.

வானத்தின் கிழக்கு மூலை கறுத்திருந்தது. அவருடைய மனைவி தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு தயாராக நின்றார். என்னால் ஆன உதவி, ஸ்கூட்டரை நெல் மேல் ஏற்றாமல் ஓட்டிப் போனதுதான்.

தாராசுரத்தை எட்டுவதற்குள் மழை என்னைப் பிடித்துவிட்டது. அந்தப் பெரியவரையும் பிடித்திருக்கும்.

ஐராவதேசுவரர் கோயில் சுற்றியுள்ள தரையைவிடப் பள்ளத்தில் இருக்கிறது. மழை பெய்தால் பிரகாரம் குளமாகிவிடும். எல்லோரும் இதைக் குறையாகச் சொல்வார்கள், குறைதான். ஆனால் இன்று உள்ளே ஆளே இல்லை. தண்ணீரில் கல் யானைகள் தலைகீழாக நின்றன. இரண்டாம் ராஜராஜன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் கட்டிய கோயில். முன்மண்டபத்தைத் தேராக நினைத்துச் சக்கரமும் குதிரையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். தேருக்கடியில் தண்ணீர் நின்றதால் அது இன்று தெப்பம். சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தேன். தட்டினால் ஸ்வரம் எழுப்பும் படிகளைக் கம்பி வலை போட்டு மூடியிருக்கிறார்கள். நல்லதுதான். தட்டித் தட்டியே தேய்த்திருப்போம். ஒரே தலையைக் காளையும் யானையும் பங்கிட்டுக்கொள்ளும் சிற்பத்தைக் காவலாளி காட்டினார். கையால் ஒரு பாதியை மறைத்தால் யானை, மறு பாதியை மறைத்தால் காளை. இதை அவர் எத்தனை ஆயிரம் பேருக்குச் செய்து காட்டியிருப்பாரோ, இன்னும் அலுக்கவில்லை அவருக்கு.

கருவறைச் சுவரின் அடியில் வரிசையாக நாயன்மார் கதைகள் இருக்கின்றன. சாண் உயரச் சிற்பங்கள். நின்று பார்த்தால் தெரியாது, குந்த வேண்டும். குந்தினால் சேலை நனையும். நனைந்தது. ஒவ்வொன்றாக நகர்ந்துகொண்டே போனேன். ஒன்றில் முதலை வாயிலிருந்து ஒரு பிள்ளை வெளியே வருகிறான். சட்டென்று வயிற்றைப் பிசைந்தது. இது எங்கள் ஊர்க்கதை. அவிநாசிக் குளத்தில் முதலை விழுங்கிய சிறுவனைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்டது. பள்ளிக்கூடம் போகும்போது தினமும் அந்தக் கதையைத் தாண்டித்தான் போவேன். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே எங்கள் ஊர் முதலை இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. ‘இப்போதா வந்தாய்’ என்று அது கேட்டால் நியாயம்.

கும்பகோணத்தில் இட்லியும் கடப்பாவும். உருளைக்கிழங்கும் பாசிப்பருப்பும் சோம்பு வாசனையோடு வெள்ளையாக ஒரு குழம்பு. சாம்பார் வேண்டாம் என்றதும் பரிமாறியவர் திருப்தியாகத் தலையசைத்தார்.


ஐப்பசி 17, ஞாயிறு

தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பினேன். அம்மாவிடம் ஐந்து ஆற்றையும் வரிசையாக ஒப்பித்தேன். “தண்ணீர் காய்ச்சித்தானே குடிக்கிறாய்?” என்றாள்.

வரும்போது புதிய குடை வாங்கிவந்தேன், பெரியம்மாவுக்கும் சேர்த்து.


ஐப்பசி 23, சனி

சதய விழா. ஐப்பசிச் சதயம் ராஜராஜனின் பிறந்த நட்சத்திரம். இரண்டு நாள் விழா. ஊரே மின்விளக்குச் சரம். ‘இப்போதா வந்தீர்கள்’ என்ற அதே பக்கத்து மேசைக்காரர் நேற்று, “சதய விழா ஐப்பசியில்தான் வரும், பார்த்துக்கொள்ளுங்கள்” என்று பெருமையாகச் சொன்னார். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

மாலையில் பெரியம்மாவையும் அழைத்துக்கொண்டு போனேன். நந்தியைச் சுற்றிக் கூட்டம் முட்டி மோதியது. அவர் அங்கே நிற்கவேயில்லை. என் கையைப் பிடித்து விமானத்தின் அடித்தளத்துக்கு இழுத்துப் போனார். மதியம் பெய்த மழையில் கல் கறுத்திருந்தது. எழுத்துகளின் பள்ளத்தில் ஈரம் தங்கி, வரிகள் பளிச்சென்று தெரிந்தன. “வெயில் காலத்தில் வந்தால் வெறும் சொரசொரப்புதான். மழை பெய்து ஓய்ந்த பிறகு வர வேண்டும்” என்றார். முப்பது வருடம் மாணவர்களை அழைத்து வந்த அனுபவம்.

கல்லைத் தொடாமல், விரலை ஓர் அங்குலம் தள்ளி நகர்த்திக்கொண்டே படித்தார்: “நாங்குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்...” தான் கொடுத்ததும், அக்கா குந்தவை கொடுத்ததும், மனைவியர் கொடுத்ததும், மற்றவர்கள் கொடுத்ததும் எல்லாம் கல்லில் வெட்டப்பட வேண்டும் என்பது அரசன் வாய்மொழி. பேச்சு வழக்கு அப்படியே இருக்கிறது. அக்கா என்று சொல்லியிருக்கிறான் பாருங்கள், வேறு பட்டம் எதுவும் இல்லை.

பிறகு பெரியம்மா சொன்ன செய்திதான் என்னை இரவு இந்த நேரம்வரை உட்கார வைத்திருக்கிறது. கோயில் கட்டி முடித்ததும் ராஜராஜன் சோழநாட்டுக் கோயில்களிலிருந்து நானூறு ஆடல் மகளிரைத் தஞ்சாவூருக்கு மாற்றினான். திருவையாற்றிலிருந்து, திருவாரூரிலிருந்து, நாகப்பட்டினத்திலிருந்து, இன்னும் எங்கெங்கிருந்தோ. நானூறு பேரின் பெயரும் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்பதும் கல்லில் இருக்கின்றன. குடியேறிய வீட்டின் முகவரியும் இருக்கிறது: தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு, நக்கன் சேரமங்கை. அடுத்து இரண்டாம் வீடு. அடுத்து மூன்றாம் வீடு. தளிச்சேரி என்றால் கோயில் மகளிர் குடியிருப்பு, சிறகு என்றால் வீதியின் ஒரு பக்க வரிசை. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு நூறு கலம் நெல்.

“மாற்றல் உத்தரவுதானே இது!” என்றேன்.

“வீடும் கொடுத்து மாற்றினான். உனக்கு?” என்றார் பெரியம்மா.

எனக்கு அந்த நானூறு பேரில் ஒருத்தி முதல் நாள் வீதியில் இறங்கி, தென்சிறகு எது வடசிறகு எது என்று தெரியாமல் மூட்டையோடு நின்றிருப்பாள் என்று தோன்றியது. எந்த மாதத்தில் வந்தாளோ.


ஐப்பசி 24, ஞாயிறு

காலையில் யானைமேல் திருமுறையை ஏற்றி வீதிவலம். ஓதுவார்கள் தேவாரம் பாடிக்கொண்டே நடந்தார்கள். தூறலில் நாதசுரத்துக்குத் துணியால் குடை பிடித்தார்கள், வாசித்தவர் நனைந்தார். இதே கோயிலில் திருப்பதியம் பாட நாற்பத்தெட்டுப் பேர், உடுக்கைக்கு ஒருவர், கொட்டி மத்தளத்துக்கு ஒருவர் என ஐம்பது பேரை ராஜராஜன் நியமித்ததும், ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு முக்குறுணி நெல் அளந்ததும் கல்வெட்டில் உண்டு. இன்று நடந்தவர்களை எண்ண முயன்றேன். குடைகள் மறைத்தன.

அரசனின் சிலை கோயிலுக்கு வெளியே நிற்கிறது. அதற்கு மாலை போட வரிசை. கட்டியவர் வெளியே நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இதற்குள் என் செருப்பு போய்விட்டது. காப்பகத்தில் வரிசை நீளமாக இருந்ததால் மரத்தடியில் கழற்றியது என் தப்பு. அவிநாசியில் வாங்கிய நல்ல தோல் செருப்பு. எடுத்தவர் அளவு சரியாக இருந்து போட்டுக்கொண்டு போயிருந்தால் பரவாயில்லை. சேற்றில் வெறுங்காலோடு நடந்து, ஒரு சாலையோரக் கடையில் நீல வார் ரப்பர் செருப்பு வாங்கினேன். மழைக்கு இதுதான் சரி என்று கடைக்காரர் ஆறுதல் சொன்னார். அதையும் முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம்.


ஐப்பசி 29, வெள்ளி

விடுமுறை இல்லை. ஆனாலும் எழுதுகிறேன். ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகம். கங்கைகொண்ட சோழபுரத்தில் பார்க்க வேண்டும் என்று பெரியம்மா ஒரு மாதமாகச் சொல்லி வந்தார். வேலை நாளாகப் போயிற்று. மாலையில் பெரிய கோயிலுக்கு மட்டும் ஓடினேன். அவ்வளவு பெரிய லிங்கத்தை வெள்ளைச் சோறு மூடியிருந்தது. மேலே காய்கறிகளும் பழங்களும். என் கண் அந்தச் சோற்றில்தான் நின்றது. தாராசுரம் சாலையில் அன்று பல்லில் நசுங்கிய நெல் நினைவுக்கு வந்தது. அவருடையது விலை போயிற்றா, தெரியவில்லை.


கார்த்திகை 1, சனி

ஐப்பசி முழுவதும் மாயூரத்துத் துலாக் கட்டத்தில் காவிரியில் நீராடுவது விசேஷம். மக்கள் கழுவிவிட்ட பாவத்தைச் சுமந்த கங்கை முதலான நதிகள் அந்த மாதம் இங்கே வந்து தங்களைக் கழுவிக்கொள்கின்றன என்பது நம்பிக்கை. கடைசி நாள் கடைமுழுக்கு. அது நேற்று, நான் அலுவலகத்தில். ஆனால் கார்த்திகை முதல் நாளுக்கு என்று ஒரு முழுக்கு இருக்கிறது. முடவன் முழுக்கு. கால் ஊனமுற்ற ஒருவர் துலா நீராட வெகு தூரத்திலிருந்து ஊர்ந்து ஊர்ந்து வந்தார். வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்துவிட்டது. அவர் அழுதார். சிவன் அவருக்காக இன்னொரு நாளை நீட்டித் தந்தார். இந்தக் கதையைச் சொன்னபோது பெரியம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். போய்விட்டு வா என்று ஒரு பித்தளைச் சொம்பையும் கொடுத்தார், காவிரித் தண்ணீர் கொண்டுவர.

விடியற்காலை ரயிலுக்கு வைத்த அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். கும்பகோணம்வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ், ஷேர் ஆட்டோ. துலாக் கட்டத்தை அடைந்தபோது மணி பன்னிரண்டரை. முடவன் முழுக்குக்கே தாமதமாக வந்த ஆள் நானாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. படிக்கட்டில் இன்னும் இருபது முப்பது பேர் இருந்தார்கள். சேலத்திலிருந்து வேனில் வந்து வழி தவறிய ஒரு குடும்பம், ஊன்றுகோலோடு ஒரு தாத்தா, அவரைத் தாங்கிப் பிடித்த பேரன், கடை சாத்திவிட்டு வந்ததாகச் சொன்ன ஒரு பூக்காரம்மா. நேற்று இங்கே கால் வைக்க இடம் இருந்திருக்காது. படியெங்கும் வாடிய பூவும் எரிந்த சூடமும் சேறும் அப்படியே கிடந்தன.

ஆற்றின் நடுவே மண்டபத்தில் நந்தி உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர் செம்மண் நிறம். இறங்கத் தயங்கினேன். நீச்சல் தெரியாது. பூக்காரம்மா இரண்டு படி கீழே இடுப்பளவு நீரில் நின்று, “கையைக் கொடு. மூக்கைப் பிடித்துக்கொள்” என்றார். கொடுத்தேன். முதல் முழுக்கில் குளிர் மண்டைக்கு ஏறியது. இரண்டாவதில் காதில் தண்ணீர் போயிற்று. மூன்றாவதற்கு நிமிர்ந்தபோது அந்தத் தாத்தா பேரனின் கையை உதறிவிட்டுத் தனியாக ஒரு படி இறங்கப் பார்த்தார், பேரன் கத்தினான், நாங்கள் எல்லோரும் கத்தினோம். அவர் யாரையும் சட்டைசெய்யாமல் ஊன்றுகோலைப் படியில் சாத்திவிட்டு உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து இறங்கி முழுகி எழுந்தார்.

ஈரச் சேலையைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டிக்கொண்டு மேலே வந்தால், நீல வார் ரப்பர் செருப்பு கழற்றிய இடத்தில் அப்படியே இருந்தது. அதை யார் எடுப்பார்கள்?

இரவு எட்டு மணிக்கு வீடு. சொம்பைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்ததில் கால் பங்கு என்மேல் கொட்டிவிட்டது. பெரியம்மா மூடியைத் திறந்து பார்த்தார். “மண்ணாக இருக்கிறதே” என்றேன். “புது வெள்ளம். இருக்கும்” என்று மறுபடி மூடி மாடத்தில் வைத்தார். அசைக்காமல் விட்டால் காலைக்குள் தெளிந்துவிடுமாம். வெளியே திரும்பவும் தூறல் பிடித்திருக்கிறது.